எல்ம் என்னும் மலைக் கிராமம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற முறை நாம் கூடியிருந்தபொழுது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "கல் குவாரியை வெளியாள் குத்தகைக்கு எடுப்பதால்தானே இத்தனை தொல்லை? ஊரே அதை எடுத்து நடத்தினால் ஊருக்குக் கேடு வருமா?" என்று கேட்டார். அன்று பொழுது சாய்ந்துவிட்டபடியால் விடை கூறாமலேயே கலைந்தோம். அவ்வினா எம் மனத்தை விட்டு நீங்கவில்லை. நேரான விடையொன்றை இன்றும் நாம் கொண்டுவரவில்லை. தனக்குச் சொந்தமான மலையைத் தானே வெட்டிய ஒரு கிராமத்தின் கதையைத்தான் கொண்டுவந்திருக்கிறோம். அக்கிராமத்தை நாம் நேரில் கண்டதில்லை. நூல்களின் வாயிலாக அறிந்ததையே கூறுகிறோம்.

அக்கிராமத்தின் பெயர் எல்ம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில், கிளாருஸ் என்னும் சிறு மாகாணத்தில் உள்ளது. அந்த மாகாணம் முழுவதிலுமே ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர்தாம் வாழ்கின்றனர். லிந்த் என்ற ஆறு மாகாணத்தின் நடுவே ஓடுகிறது. ஷ்வாண்டன் என்னும் ஊரில் ஸெர்ன்ஃப் என்ற சிற்றாறு அதனுடன் கலக்கிறது. அச்சிற்றாற்றின் கரை வழியே மேல்நோக்கிச் சென்றால், பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், கடைசி ஊராக எல்ம் நிற்கும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். மலையைக் கடந்து அப்பால் செல்லும் வண்டிப் பாதை கிடையாது. ஹவுஸ்டொக், பிட்ஸ் ஸெக்னஸ், பிட்ஸ் ஸர்தோனா முதலிய 3,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் மூன்று புறமும் சுவர்போல எழுந்துள்ளன. கிராமத்தின் எல்லைக்குட்பட்ட பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்ந்தவர்களோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுநூறு பேர் அளவினரே. இவ்வளவு பெரிய நிலத்திற்கு இவ்வளவு சிறிய ஜனத்தொகையா என்று வியக்க வேண்டாம். பெரும்பகுதி பாறையும் பனியுமே. ஏர் பிடிக்கும் நிலம் என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம்.

ஆகவே அங்கு விவசாயம் என்றால் மாடுதான். குளிர்காலம் நீண்டது. கோடையில் சரிவுகளில் புல்லை அறுத்து உலர்த்தி, மரக் கொட்டகைகளில் சேமித்து வைத்துக் கால்நடைகளைக் காப்பாற்ற வேண்டும். வீட்டருகில் உள்ள புல் அவ்வாறு சேமிப்புக்குப் போய்விடுவதால், கோடையில் மாடுகளை மலையின் மேலுள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். ஜூன் மாதத்தில் ஏறுவார்கள், செப்டம்பரில் இறங்குவார்கள். பால் அங்கேயே பாலாடைக் கட்டியாகும். இம்மேய்ச்சல் நிலங்களில் பல ஊர்ப் பொதுவானவை. பொது நிலம் என்றால் யார் வேண்டுமானாலும் எத்தனை மாடு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பொருள் அன்று. ஒரு பசு ஒரு கோடை முழுதும் மேய்வதற்கு வேண்டிய புல் எவ்வளவோ அதை ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள். அதற்கு 'ஸ்டோஸ்' என்று பெயர். இந்த மலை இத்தனை ஸ்டோஸ் தாங்கும் என்று எழுதி வைத்தார்கள். அதற்கு மேல் ஒரு மாடும் ஏறக்கூடாது. புல்லைப் பொறுத்தவரை, மலை எவ்வளவு தாங்கும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அம்மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்தது என்பதைத் தாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் இது தேவைப்படும்.

எல்ம் கிராமத்தைப் பற்றி வேறு எது தெரியாதவர்களும் ஒன்றை அறிந்திருப்பார்கள். ஊருக்கு எதிரே ட்ஷிங்கெல்ஹோர்னர் என்னும் கொம்புபோன்ற பாறைச் சிகர வரிசையில் ஒரு துளை இருக்கிறது. ஏறத்தாழ இருபது மீட்டர் அகலமும் உயரமும் உள்ள பெரிய சாளரம். அதற்கு மார்ட்டின் துளை என்று பெயர். ஆண்டில் இரு பருவங்களில், மார்ச் மாதம் 12, 13 தேதிகளிலும், செப்டம்பர் இறுதி, அக்டோபர் முதல் தேதியை ஒட்டியும், காலைச் சூரியன் மலைக்குப் பின்னே மறைந்திருக்கும்பொழுதே அதன் ஒளிக்கற்றை அத்துளை வழியாகப் பாய்ந்து, நான்கு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, எல்ம் மாதாகோயில் கோபுரத்தின்மீது சில நிமிடம் விழுகிறது. இத்துளை எப்படி வந்தது என்பதற்கு ஊரார் ஒரு கதை கூறுவர். மார்ட்டின் என்னும் மகான் அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாராம். மலைக்கு அப்பாலிருந்து வந்த அரக்கன் ஒருவன் ஆடுகளைத் திருட முயன்றான். மகான் தம் இரும்புப்பூண் போட்ட கோலை அவன்மீது வீசினார். கோல் அரக்கனைத் தவறிப் பாறையில் பட்டுத் துளையாயிற்று என்பது கதை. குறி தவறிய கதையையும் மறைக்காமல் சொல்லிக்கொள்ளும் ஊர் அது.

அம்மலைகளில் ஆராய்ச்சியாளர்களுக்கும் வியப்பு உண்டு. சிகரங்களின் குறுக்கே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலுள்ள பாறை 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கீழுள்ளதோ அதைவிட மிக இளையது. பழையது மேலும் புதியது கீழுமாகத் தலைகீழாக அமைந்திருக்கிறது. பூமியின் அழுத்தத்தால் பழைய பாறை இளைய பாறையின்மேல் தள்ளப்பட்டதே காரணம். 2008ஆம் ஆண்டில் இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

ஊரின் பழைய சரித்திரத்தில் ஓர் இரவை மட்டும் கூறி மேலே செல்கிறோம். 1799 அக்டோபர் மாதம், பிரெஞ்சுப் படையினால் நெருக்கப்பட்ட ருஷ்யத் தளபதி சுவோரோவ் தம் சேனையுடன் இங்கு வந்து தங்கினார். மறுநாள் 2,400 மீட்டர் உயரமுள்ள பனிக்ஸ் கணவாயைப் புதுப்பனியில் கடந்தார். வழியில் மாண்டவர் பலர். பீரங்கிகள் பள்ளங்களில் போயின. அவர் தங்கிய வீடு இன்றும் இருக்கிறது. பசித்த சேனையொன்று ஓரிரவு தங்கிய ஊரில் மறுநாள் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை விவசாயிகளாகிய தங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, கல்லுக்கு வருவோம்.

தங்களில் பலர் சிலேட்டுப் பலகையில் எழுத்துக் கற்றவர்கள்தாம். நாமும் அப்படியே. அந்தக் கறுப்புக் கல் மலையில் ஏடு ஏடாகப் படிந்து கிடக்கும். உளியால் தட்டினால் பலகையாகப் பிரியும். ஸெர்ன்ஃப் பள்ளத்தாக்கில் எங்கி என்னும் ஊரில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இக்கல்லை வெட்டி வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகக் கட்டாயக் கல்வியை மேற்கொண்டன. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிலேட்டு வேண்டும். விலை ஏறிற்று. எல்ம் கிராமத்தாருக்கும் தங்கள் ஊர் எல்லையில் அதே கல் இருப்பது தெரியும். மாட்டை மட்டுமே நம்பியிருந்த ஊரில், குளிர்காலத்தில் வேலையின்றி இருந்த குடும்பங்களுக்கு இது பெரும் பேறாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1868ஆம் ஆண்டில் ஊருக்கு எதிர்ப்புறத்துச் சரிவின் அடியில் வெட்டத் தொடங்கினார்கள். மலை ஊருக்குச் சொந்தம். முதலில் குத்தகைக்கு விட்டார்கள். பின்னர், குத்தகைதாரர் அடையும் லாபம் ஊருக்கே வரட்டும் என்று கிராமமே எடுத்து நடத்தலாயிற்று. பெரியவர் கேட்ட ஏற்பாடு அதுவே.

வெட்டிய முறையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எங்கியில் சுரங்கமாகக் குடைந்து, இடையிடையே தூண்களை விட்டு வெட்டினார்கள். தூணாக விட்ட கல்லும் விலைபோகும் கல்தான். எனினும் மேலுள்ள பாறையைத் தாங்குவதற்காக விட்டு வைத்தார்கள். எல்மில் அவ்வாறு செய்யவில்லை. சரிவின் அடியிலே திறந்தவெளியில் தொடங்கி, நல்ல கல் எதுவரை சென்றதோ அதுவரை உள்நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் 180 மீட்டர் நீளத்திற்கு, 60 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு, மலையின் பாதம் தோண்டப்பட்டது. மேலே பல நூறு மீட்டர் உயரத்திற்குப் பாறை அந்தரத்தில் தொங்கியது. ஏரிக்கரையின் அடியில் மண் எடுக்கக் கூடாது என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். எல்ம் மக்கள் அறியாதவர்கள் அல்லர். புல்லுக்கு ஸ்டோஸ் கணக்கு வகுத்தவர்கள் கல்லுக்கு அத்தகைய கணக்கு ஒன்றை வகுக்கவில்லை, அவ்வளவுதான். கல் வெட்டும் வேலை அவர்களுக்குப் புதிது. வெட்டுபவர் கூலி பெறும் ஊரார். நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் அதே ஊரார்.

1876இல் குவாரிக்கு மேலே சரிவில் ஒரு வெடிப்புக் காணப்பட்டது. ஆண்டுதோறும் அகன்றது. 1881ஆம் ஆண்டு கோடையின் முடிவில் பெருமழை. வெடிப்பு பல மீட்டர் அகலமாயிற்று. மேலிருந்து ஓடி வந்த நீர் அதனுள் இறங்கி மறைந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் கற்கள் ஓயாது உருண்டு விழவே, குவாரியில் வேலை நின்றது.

செப்டம்பர் 10, சனிக்கிழமை. காட்டிலாகா அதிகாரிகளும் கிராம சபையாரும் மலைமேல் ஏறிப் பார்வையிட்டார்கள். வெடிப்பைக் கண்டார்கள். கலந்து ஆலோசித்தார்கள். உடனடி அபாயம் ஒன்றும் இல்லை. வேலையைச் சில காலம் நிறுத்தி வைத்தால் போதும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். வீடுகளைக் காலி செய்யுமாறு எவருக்கும் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் நாம் எப்பொழுதும் சற்று நின்றுவிடுவது வழக்கம். அந்த அதிகாரிகளைப் பழிப்பது எளிது. நாமும் மழைக்காலத்தில் கரைகளின்மேல் நின்றிருக்கிறோம். "ஐயா, இது அடுத்த வருஷம் வரை தாங்குமா?" என்று ஊரார் எம் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். தாங்காது என்று எழுதினால் நூறு குடும்பங்களை எங்கே அனுப்புவது? யார் செலவில்? நாளை ஒன்றும் நேராவிட்டால் என்ன பேசுவார்கள்? இவ்வளவும் ஒரு நொடியில் மனத்தில் ஓடும். பிறகு, 'உடனடி அபாயம் இல்லை' என்று கை தானாக எழுதிவிடும். ஒரு முறை நாம் அவ்வாறு எழுதினோம். அந்தக் கரை அவ்வாண்டு தாங்கிற்று. எம் திறமையால் அன்று. மழை குறைவாகப் பெய்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மேல் மலையின் ஒரு பக்கம் இடிந்து குவாரியின்மீது விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கீழே உண்டர்தால் என்னும் குடியிருப்பில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். விழ வேண்டியது விழுந்துவிட்டது என்று பலரும் எண்ணினர். அருகில் இருந்த வீடுகளிலிருந்து சாமான்களை எடுக்க அண்டை அயலார் உதவிக்கு வந்தனர். வேடிக்கை பார்க்கவும் சிலர் வந்தனர். பதினேழு நிமிடங்கள் சென்றன. மற்றொரு பக்கம் இடிந்தது. இம்முறை மார்ட்டின் துளையின் பெயர் தாங்கிய விடுதியும் வேறு சில வீடுகளும் புதைந்தன. அங்குக் கூடியிருந்த இருபது பேர் அளவில் மாண்டனர். எஞ்சியவர் ஓடினர். பலர் எதிர்ப்புறத்து மேட்டை நோக்கி ஓடினர்; உயரமான இடம் பாதுகாப்பானது என்று யாரும் நினைப்பதுதானே? இன்னும் நான்கு நிமிடங்கள். அடிப்பாகம் அறுபட்ட மலை முழுவதுமாகக் கீழிறங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி கன மீட்டர் பாறை. அது பள்ளத்தாக்கைக் கடந்து எதிர் மேட்டில் நூறு மீட்டர் உயரம் ஏறிற்று. அங்கே புகலிடம் தேடியவர்களை மூடிவிட்டு, திரும்பி, ஆற்றின் போக்கிலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெள்ளம்போல் ஓடி நின்றது. இந்த இறுதிப் பெருவீழ்ச்சி நிகழ்ந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாண்டவர்கள் 115 பேர் என்பது பலரும் கூறும் கணக்கு. வீடுகளும் வைக்கோல் கொட்டகைகளுமாக எண்பதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் மறைந்தன. சுமார் 90 ஹெக்டேர், அதாவது 220 ஏக்கர் நிலம், கல்லின் கீழ் போயிற்று. பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இருந்த அந்த நிலமே ஊரின் நல்ல புல் நிலம். மாதாகோயில் சற்று மேலே இருந்தபடியால் தப்பியது. அதன் கோபுரத்தில் அந்த அக்டோபரிலும் ஒளி விழுந்திருக்க வேண்டும். பார்க்க யார் நின்றார்களோ!

நிமிடக் கணக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று சிலர் கேட்கக்கூடும். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சாளரத்தருகே கடிகாரத்தைக் கையில் பிடித்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். சூரிச் நகரத்துப் பூகர்ப்ப சாஸ்திரியான ஆல்பர்ட் ஹைம் விரைவில் அங்கு வந்து சேர்ந்தார். உயிர் தப்பியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, எர்ன்ஸ்ட் புஸ் என்னும் பாதிரியாருடன் சேர்ந்து அதே ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். பெரும் பாறைச் சரிவு கற்குவியலாக வந்து விழுவதில்லை, நீரோட்டம்போல் பாய்ந்து செல்கிறது என்ற அறிவு இவ்வறிக்கையிலிருந்து வளர்ந்தது. மலையடிவாரத்தில் எவ்வளவு தொலைவு வரை ஆபத்து எட்டும் என்று இன்று கணக்கிடுவோர் எல்ம் மக்களின் வாக்குமூலத்திற்குக் கடமைப்பட்டவர்கள்.

ஊர் அழிந்துவிடவில்லை. தேசமெங்கிலுமிருந்து நன்கொடை வந்தது. கல் மூடிய நிலத்தைப் பல்லாண்டு உழைப்பில் நிரவி, மண் பரப்பி, மீண்டும் புல் விளைவித்தார்கள். சிலேட்டுத் தொழிலையும் முற்றிலும் கைவிடவில்லை. எழுதுபலகை செய்யும் தொழிற்சாலை ஒன்று 1983 வரை நடந்தது. இப்பொழுது அது காட்சிசாலை. 1905இல் ஷ்வாண்டனிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1969இல் அதை நிறுத்திப் பஸ் விட்டார்கள். ஊரின் ஊற்று நீரைக் கொண்டு 1927 முதல் எலுமிச்சைச் சுவையுள்ள பானம் ஒன்று தயாராகிறது. பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்ற விரேனி ஷ்னைடர் இவ்வூர்ப் பெண்மணி. பழைய மர வீடுகளைச் சிதையாமல் காத்ததற்காக 1981இல் இக்கிராமத்திற்கு வாக்கர் பரிசு வழங்கப்பட்டது. மலை இடிந்த ஆண்டிலிருந்து சரியாக நூறாவது ஆண்டு.

இத்தனைக்கும் பிறகு எல்ம் கிராம சபை இன்று இல்லை. அதுவும் பஞ்சாயத்தார் அறிய வேண்டிய கதை.

கிளாருஸ் மாகாணத்தில் ஆண்டுதோறும் மே மாதம் முதல் ஞாயிறன்று, வாக்குரிமை உள்ள பிரஜைகள் அனைவரும் தலைநகரத்துச் சதுக்கத்தில் திறந்த வெளியில் கூடுவார்கள். பதினான்காம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் இம்மகாசபைக்கு லாண்ட்ஸ்கெமைண்டெ என்று பெயர். சட்டங்களை அங்கேயே வாதித்து, வாக்குச் சீட்டைக் கையில் உயர்த்திக் காட்டி முடிவு செய்வார்கள். சீட்டுகளை எண்ணுவதில்லை. தலைவர் மேடையிலிருந்து பார்த்து எப்பக்கம் அதிகம் என்று கூறுவார், அதுவே முடிவு. பெண்களுக்கு அங்கு வாக்குரிமை 1971இல்தான் கிட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2006இல் அம்மாகாணத்தில் 25 கிராம சபைகள் இருந்தன. பள்ளி நிர்வாகம், ஏழை நிவாரணம், ஊர்ப் பொதுச் சொத்து இவற்றிற்குத் தனித்தனிச் சபைகளையும் சேர்த்தால் மொத்தம் எழுபதுக்கு அருகில். சிறிய ஊர்களில் பதவிகளை ஏற்க ஆள் கிடைப்பதே அரிதாயிற்று; வருவாயும் போதவில்லை. கிராமங்களைப் பத்தாகக் குறைக்கலாம் என்று மாகாண அரசாங்கம் யோசனை கூறியது. மே 7ஆம் தேதி மகாசபையில், கூட்டத்திலிருந்த பிரஜை ஒருவர் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அரசாங்கமே எதிர்பாராதது. மகாசபை அத்திருத்தத்தையே ஏற்றது. அதை மாற்ற வேண்டும் என்று பலர் கையெழுத்துத் திரட்ட, 2007 நவம்பர் 25 அன்று விசேஷ மகாசபை கூடியது. பழைய முடிவே உறுதியாயிற்று. 2011 ஜனவரி 1 முதல் எல்ம், எங்கி, மாட், ஷ்வாண்டன் உள்ளிட்ட 13 கிராமங்கள் சேர்ந்து 'கிளாருஸ் தெற்கு' என்ற ஒரே ஊராட்சி ஆயின. பரப்பு 430 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறத்தாழ பத்தாயிரம். எல்மின் காடும் மேய்ச்சல் நிலமும் அந்தப் பெரிய ஊராட்சியின் பொறுப்பில் சென்றன.

இது நல்லதா, கெட்டதா என்று கேட்டால் நாம் தயங்குவோம். எழுநூறு பேர் கொண்ட சபையால் தகுந்த என்ஜினியரை வைத்துக்கொள்ள இயலாது. பெரிய சபையால் இயலும். ஆனால் தன் மாடு எந்தச் சரிவில் மேய்கிறது, எங்கே புதிய வெடிப்புத் தெரிகிறது என்பது மேட்டில் ஏறும் மேய்ப்பனுக்கே முதலில் தெரியும். அவன் சொல்லைக் கேட்க யார் அருகில் இருக்கிறார்கள் என்பதுதான் எம் ஐயம். கிளாருஸ் தெற்கு ஊராட்சிக்கு ஒரு சோதனை விரைவிலேயே வந்தது. 2023 ஆகஸ்டு இறுதியில், பெருமழைக்குப் பின், ஷ்வாண்டனில் மண்சரிவு ஏற்பட்டு வீடுகள் பல சிதைந்தன. சரிவின் பாதையில் குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சிலர் திரும்பிச் செல்லவே முடியாத நிலை. உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை.

சென்ற முறை வினா எழுப்பிய பெரியவர் இன்றும் வந்திருக்கிறார். அதே பின்வரிசையில் காண்கிறோம். இன்று பொழுது இருக்கிறது. குவாரி விஷயத்தை அவரே தொடங்கட்டும். மற்ற அங்கத்தினர்களும் தங்கள் அபிப்பிராயங்களைக் கூறலாம்.